இரண்டு வரித் திருத்தத்துக்கு நூற்று முப்பத்தேழு பேர்

எல்லையோர வாசகசாலை ஐக்கிய சபையில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் முதலில் நோட்டீஸ் அடிக்க வேண்டும். காரியம் பிறகு நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை முப்பத்தெட்டு வாசகசாலைகள் இந்தச் சபைக்குக் கீழே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், பதினோரு கமிட்டிக்காரர்கள். வாசிக்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஜிஜாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பெண் அவள். 1997இல், அமெரிக்காவில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சபைக்கு நாற்பது பழைய கம்ப்யூட்டர்களை அனுப்பி வைத்தார். தலைவர் செல்லசாமி வீட்டில் ஒன்றும் செயலாளர் வேதமணி வீட்டில் ஒன்றும் பாலராமபுரம் நேரியல் துண்டு போட்டு மூடிப் பத்திரமாக வைக்கப்பட்டன. மீதி முப்பத்தெட்டும் வாசகசாலைகளுக்குப் போயின. அவற்றில் ஓடுவதற்காக ஜிஜா ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். என்னென்ன புத்தகம் இருக்கிறது, யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று அது சொல்லும். ‘ஏடு’ என்று அதற்குப் பெயர். எழுதிய மூல நிரலை அப்படியே இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டாள். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்று இந்த ஏற்பாட்டுக்குப் பிற்பாடு பெயர் வந்தது.

1999 ஆகஸ்டில் நார்வேயிலிருந்து ஓலாவ் என்பவரின் ஈமெயில் வந்தது. அங்கே ஒரு கிராமத்து நூலகர். ‘உங்கள் புரோகிராமைத்தான் எங்கள் ஊரில் வைத்திருக்கிறோம். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் செப்டம்பர் ஒன்பதாம் தேதி நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?’ என்று கேட்டிருந்தார்.

ஜிஜா மூலத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பட்டியல் இத்தோடு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அவள் 9-9-99 என்ற தேதியைப் போட்டிருந்தாள். எழுதும்போது அப்படி ஒரு தேதி வரவே வராது என்று தோன்றியிருந்தது. இப்போதோ அது அடுத்த மாதம் வருகிறது. ஒரு புத்தகம் வெளியே போகும் நாளாக அந்தத் தேதியோ அதற்குப் பிந்தியதோ பதிவானால், பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்து மீதி முழுவதையும் ‘ஏடு’ அழித்துவிடும்.

அன்றைக்கே காஞ்சிரங்குளம் வாசகசாலைக்கு ஓடினாள். அங்கே நூலகராக இருந்த சரோஜம், இரண்டு வருஷமாக இரண்டே விரலால் பதினோராயிரத்து நானூற்றுப் பதினாறு புத்தகங்களின் பெயர்களை அடித்து ஏற்றியிருந்தாள். கையால் எழுதிய பழைய பதிவேட்டைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. அந்தப் பட்டியலுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

“எக்கா, ஒம்பதாம் தேதி பட்டியல் முழுக்க அழிஞ்சு போவும். நான் செஞ்ச தப்பாக்கும்” என்றாள் ஜிஜா.

சரோஜம் தன் விரல்களைப் பார்த்தாள். “அப்பம் திருத்து பிள்ளே. இனியொருக்கா அடிக்க எனக்குக் கழியாது.”

“திருத்தியாச்சு எக்கா. ரெண்டே வரி. இந்தா ஃப்ளாப்பி.”

“இத எங்க போட?”

நியாயமான கேள்விதான். கண்ட ஃப்ளாப்பியையும் போட்டு வைரஸ் வந்துவிடக் கூடாதென்று, முப்பத்தெட்டு கம்ப்யூட்டரிலும் ஃப்ளாப்பி நுழைகிற இடத்தில் காகிதம் ஒட்டி, அரக்கு உருக்கி, சபை முத்திரை குத்தியிருந்தது. சபை முறைப்படி வெளியிடும் ஃப்ளாப்பிக்கு மட்டும், அந்தந்த வாசகசாலைத் தலைவர் தம் கையால் அரக்கை உடைக்கலாம். சரோஜம் நாலு வருஷமாகத் தற்காலிக நூலகர். அரக்கில் அவள் நகம் பட்டாலே வேலை போய்விடும்.

“நீ சபையில போய்ச் சொல்லு மக்கா” என்றாள் சரோஜம். “என்னெ நெனச்சு சொல்லு. பயந்து வெப்ராளமா வருது.”

பாறசாலையில் சபை ஆபீசில் வேதமணி இருந்தார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். மிஷன் சர்ச்சில் முப்பது வருஷம் கமிட்டியில் இருந்த அனுபவசாலி.

“சார், ஏட்டுக்கு ஒரு புது ரிலீஸ் வேணும். ரெண்டு வரித் திருத்தம்தான். முப்பத்தெட்டு ஃப்ளாப்பியையும் பஸ்ஸுல குடுத்து விட்டாப் போதும்.”

வேதமணி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “பஸ்ஸுலயா?”

“ஆமா சார்.”

“மக்கா, போன தடவ அப்படித்தான் குடுத்து விட்டோம். ஒரு யோகம் கூட்டி ஆலோசிக்கல்ல, ஒரு நோட்டீசு இல்ல. அதாக்கும் இப்பம் தப்பு வந்தது. ஜெபமும் விளக்கும் இல்லாம துவங்கின காரியம் ஏதாவது உருப்பட்டது உண்டுமா?”

வேதமணி உடனே செல்லசாமிக்குப் போன் போட்டார். ‘வெளியீடு’ என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, அதற்கொரு வரவேற்புக் குழு அமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் தலைவர். வரவேற்புக் குழு அமைப்பதற்கு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தை அறிவிக்க ஒரு நோட்டீஸ். அந்த நோட்டீஸில் யார் பெயர் மேலே வரும் என்று முடிவு செய்ய இன்னொரு சிறிய கூட்டம். அதில் ஆறு நாள் போனது.

கூட்டத்தில் செல்லசாமி பேசினார். “இந்தச் சபை ஐம்பது வருஷமாக ஒரு காரியத்தையும் அவசரப்பட்டுச் செய்ததில்லை. காரியமே செய்ததில்லை என்று சிலர் சொல்லுவார்கள். அவசரப்படாமல் இருந்தால் அப்படித்தான் இருக்கும். அதற்காக நாங்கள் வெட்கப்பட்டது கிடையாது.” பலத்த கைதட்டல்.

அன்றைக்கே பந்தல் உபகுழு, சாப்பாட்டு உபகுழு, ஊர்வல உபகுழு, பிரசார உபகுழு என்று நாலு உபகுழுக்கள் பிறந்தன. கடைசியில், பிழையை ஆராயப் பிழை உபகுழு. இதற்கு ஒரு இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் கன்வீனர்கள். பிழை எந்தப் பக்கத்துக்காரருக்கும் மனத்தாங்கல் உண்டாக்கிவிடக் கூடாதல்லவா. முடிவில் வழக்கம்போல, பொழியூர்ப் பக்கம் கடல் கரையேறி வருவதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். சபை எதற்காகக் கூடினாலும் இந்தத் தீர்மானம் உண்டு. கடல் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பிழை உபகுழு ஒரு ஜீப் பிடித்து நெய்யாற்றின்கரைக்கு வந்து பிழையை நேரில் பார்வையிட்டது. ஜிஜா திரையில் அந்த ஒற்றை வரியைக் காட்டினாள். கன்வீனர் ராஜதாஸ் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுவா?”

“இதுதான் சார்.”

“இதுக்கா நாங்க ஜீப்பு பிடிச்சு வந்தோம்?”

‘பிழை நேரில் பார்க்கச் சாதுவாக இருக்கிறது, உயரம் குறைவு’ என்று உபகுழு அறிக்கை கொடுத்தது.

அடுத்த சிக்கல் நம்பரில் வந்தது. பழைய பதிப்பு 1.0, திருத்தியதற்கு 1.01 என்று போடலாம் என்றாள் ஜிஜா. செல்லசாமியின் முகம் சுருங்கிவிட்டது.

“புள்ளிக்கு அப்புறம் பூஜ்யம், அதுக்கு அப்புறம் ஒண்ணு. இதச் சொல்லவா பிள்ளே நான் மேடையில ஏறணும்? சபைக்கு அம்பது வயசாச்சு. அம்பதுன்னு போடு.”

“சார், இடையில நாப்பத்தெட்டு பதிப்பு வரவே இல்லியே.”

“வராட்டு என்ன? கேட்டா தீந்து போச்சுன்னு சொல்லலாம்.”

ஆக, பொன்விழாப் பதிப்பு 50. ஜிஜா ஓலாவுக்கு எழுதி, இங்கே நடப்பதையெல்லாம் சொன்னாள். ‘எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து சீக்கிரம் வெளியிடுங்கள்’ என்று பதில் வந்தது. அதை வேதமணி வாங்கிப் படித்தார். வெளிநாட்டிலிருந்து வந்த வாழ்த்துச் செய்தி என்று நோட்டீஸில் கட்டம் கட்டிப் போடச் சொன்னார். ஓலாவ் எந்த வாசகசாலையில் மெம்பர், சந்தா கட்டியிருக்கிறாரா என்று ஒருவர் கேட்டார். அழைக்காமலே வந்து நம் பிழையைக் கண்டுபிடிக்க அந்த ஆளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றார் இன்னொருவர். யாரும் திறந்து பார்க்கலாம் என்பதுதான் இதன் ஏற்பாடு என்று ஜிஜா விளக்கினாள். சபை திடுக்கிட்டுப் போனது. ஐம்பது வருஷமாகச் சபையின் மினிட்ஸ் புத்தகத்தையே யாரும் திறந்து பார்த்தது கிடையாது.

நோட்டீஸ் ஒரு வழியாகத் தயாரானபோது அதில் நூற்று முப்பத்தேழு பெயர்கள் இருந்தன. தலைமை, முன்னிலை, உத்காடனம் என்கிற திறப்பு, ஆசம்ஸை என்கிற வாழ்த்து சொல்ல நாற்பது பேர், நன்றி சொல்ல மூன்று பேர். ஜிஜாவின் பெயர் இல்லை. “நீ நம்ம பிள்ளையில்லியா, உனக்கு என்னத்துக்கு நோட்டீசு?” என்று வேதமணி அன்போடு விளக்கினார். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. காலண்டரில் தேதி ஓடுகிறதே என்பதுதான் அவள் கவலை. ஆகஸ்டு முடிய மூன்று நாள்தான் பாக்கி.

அப்போதுதான் செல்லசாமிக்கு அந்த யோசனை வந்தது. நோட்டீஸைப் படித்துவிட்டுக் கடலை பொதிந்துவிடுவார்கள். பெயர்களை ஃப்ளாப்பியிலேயே ஏற்றிவிட்டால் என்ன? கம்ப்யூட்டரில் போட்டதும் ஒவ்வொருவராகத் தெரிய வேண்டும். பெயர் மட்டும் போதாது, போட்டோவும் வேண்டும். ஒருவருக்கு மூன்று வினாடி. தலைவருக்கு மட்டும் பத்து.

ஜிஜா நூற்று முப்பத்தேழு போட்டோக்களை ஸ்கேன் செய்தாள். அதில் மூன்று கல்யாணப் படங்கள். ஒன்றில் மனைவியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஏற்றிப் பார்த்தால் ஃப்ளாப்பி கொள்ளவில்லை. அவசரக் கூட்டம் போட்டார்கள்.

“ரெண்டு ஃப்ளாப்பியாக் குடுக்கலாமே சார்” என்றாள்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. “ரெண்டாவது ஃப்ளாப்பியில ஆரு இருப்பா?” என்று ராஜதாஸ் கேட்டார். அந்த யோசனை அங்கேயே செத்தது.

“அப்பம் எதையாவது எடுக்கணும்” என்றார் வேதமணி. “ஆருக்க பேர எடுக்க? சொல்லுங்க.”

“இந்தப் புரோகிராம் எவ்வளவு இடம் பிடிக்கும் பிள்ளே?” என்று கேட்டார் செல்லசாமி.

“இருவது படத்துக்குள்ள இடம் சார்.”

“இருவது பேருக்க இடத்த ஒண்ணே பிடிச்சு வச்சிருக்கா?” தலைவர் உண்மையிலேயே மனம் நொந்துபோனார். “அது எந்த வாசகசாலைய பிரதிநிதீகரிக்குது? அதுக்கு வேண்டிப் பேச ஆராவது உண்டுமா?”

ஜிஜா கையைத் தூக்கினாள். அவள் அங்கத்தினர் அல்ல என்பதால் அந்தக் கை கணக்கில் சேரவில்லை. ‘இந்த மென்பொருள் வெளியீட்டிலிருந்து மென்பொருளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, அடுத்த வெளியீட்டில் அதற்குத் தக்க மரியாதை செய்வதென்று’ ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பிறகு கடலைக் கண்டித்தார்கள்.

ஜிஜா வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். அழுகைதான் முதலில் வந்தது. சரோஜம் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? இத்தனை நாள் இந்த மனுஷர்களுக்குப் பின்னால் நடந்த நேரத்துக்கு முப்பத்தெட்டு ஊருக்கும் நடந்தே போயிருக்கலாம். கோபம் தலைக்கேறியது. பஸ் வந்து, ஏறி, அமரவிளை தாண்டும்போதுதான் அது தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

புரோகிராம் மட்டும் இருக்கிற ஃப்ளாப்பியை இந்த ஆட்கள் ஆறு மாதம் மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பார்கள். தங்கள் போட்டோ இருக்கிற ஃப்ளாப்பியை? பந்தலிலிருந்து நேரே வாசகசாலைக்கு ஓடி, தாங்களே அரக்கை உடைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் படங்களைக் காட்டுவதற்கு ஒரு சின்ன நிரல் எப்படியும் வேண்டும். அதை எழுதுவது யார்? ஜிஜாதான். அவள் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். தலைவரின் முகம் திரையில் பத்து வினாடி நிற்கும்போது, அதன் பின்னால் அந்த நிரல் சத்தமில்லாமல் பழைய ‘ஏட்டை’த் திறந்து, திருத்தத்தைப் போட்டு, மூடிவிடும். மொத்தம் நாலு வினாடி வேலை. மிச்சம் ஆறு வினாடி தலைவருக்கே.

செப்டம்பர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பாறசாலையில் வெளியீட்டு விழா. முத்துக்குடை, செண்டை மேளத்தோடு ஊர்வலம் வந்தது. முன்னால் பட்டுத் துணி விரித்த தாம்பாளத்தில் ஒரு ஃப்ளாப்பி, சந்தனம் பூசி, மாலை போட்டு. பின்னால் மீதி முப்பத்தேழும் ஒரு திறந்த ஜீப்பில். தேர்தல் சமயம் என்பதால் மந்திரி கிடைக்கவில்லை. மந்திரி ஆகியிருக்க வேண்டிய ஒருவர் வந்து விளக்கேற்றினார். வேதமணி ஜெபம் செய்தார். ஏற்கெனவே எல்லாருக்கும் திறந்து கிடப்பதை எப்படித் திறந்து வைப்பது என்று கேள்வி வந்ததால், அரை மணி நேரம் அதை மூடிவைத்துவிட்டுப் பிறகு திறந்தார்கள்.

“இந்த வெளியீட்டில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள்” என்றார் செல்லசாமி. “நாங்கள் இருக்கிறோம். இதைவிட என்ன வேண்டும்?”

நாற்பது பேர் ஆசம்ஸை சொன்னார்கள். நாற்பதாமவர் சொல்லும்போது பந்தல்காரர்கள் ஒரு பக்கம் அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஜிஜாவின் கணக்குத் தப்பவில்லை. அன்று சாயங்காலமே அரக்குகள் உடைந்தன. சில ஊர்களில் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். ஒரு வாசகசாலையில் மூன்று காட்சிகள் நடந்ததாகக் கேள்வி. ஜிஜா ஒவ்வொரு ஊராகப் போன் போட்டு விசாரித்துப் பட்டியலில் டிக் அடித்தாள். ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் முப்பத்தேழு டிக் ஆகியிருந்தது. காஞ்சிரங்குளம் மட்டும் மூன்று நாளாக லைன் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்தது.

“இஞ்ச போடலெ பிள்ளே” என்றாள் சரோஜம். “ஈசாக் சாருக்க படம் வரலெ. பிழை கமிட்டி, ஊர்வலக் கமிட்டின்னு ராஜதாஸ் சாருக்க படம் ரெண்டு தடவ வந்திருக்காம். அதுல ஈசாக் சார் வெளிய போயாச்சு. ஃப்ளாப்பிய பீரோவில வச்சுப் பூட்டி, பகிஷ்கரிப்புத் தீர்மானமும் போட்டாச்சு. நாலு மணிக்கு புக்கு எடுக்க ஆளு வரும். நான் என்ன செய்ய?”

ஈசாக் அந்த வாசகசாலைக்குத் தலைவர். அவர் போட்டோ ஜிஜாவிடம்தான் இருந்தது. ஒரு புது ஃப்ளாப்பியில் அதையும் அதன் பின்னால் திருத்தத்தையும் பத்து நிமிஷத்தில் ஏற்றி, படிகளில் ஓடி இறங்கிப் பஸ் பிடித்தாள். போய்ச் சேர்ந்தபோது நாலாக ஐந்து நிமிஷம். வாசலில் ஏழு பேர் புத்தகத்தோடு நின்றார்கள். சரோஜம் கம்ப்யூட்டர் முன்னால் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஈசாக் பக்கத்து நாற்காலியில், தம் அவமானத்தோடு.

“சார், உங்களுக்கு ஒரு தனிப் பதிப்பு கொண்டு வந்திருக்கேன்” என்றாள் ஜிஜா, மூச்சு வாங்க.

“எத்தன பேரு உண்டு இதில?”

“நீங்க மட்டுமாக்கும் சார்.”

“மட்டுமா?” ஈசாக் எழுந்து வேட்டியைச் சரி செய்தார். “செல்லசாமி?”

“இல்ல.”

“ராஜதாஸ்?”

“ஒருக்கா கூட இல்ல சார்.”

அவர் கண் லேசாகக் கலங்கியது. “அப்பம் இத சும்மா போட்டாச் செரியாவாது. முறைப்படி உத்காடனம் வேணும்.”

வாசலில் நின்ற ஏழு பேரும் சபையோர் ஆனார்கள். ஈசாக் மேஜைக்குப் பின்னால் நின்று ஆரம்பித்தார். “பெயரில் எனக்கு ஆசை கிடையாது. முப்பது வருஷமாக எல்லா மேடையிலும் இதைச் சொல்லி வருகிறேன். இதைச் சொல்ல விடாத மேடையில் நான் ஏறியதில்லை. என் பெயர் விடுபட்டதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அதை விட்டவர்களின் பெயர்களை மட்டும், ஒன்று, இரண்டு என்று, இப்போது வாசிக்கிறேன்…”

நாலு அடித்தது. நாலேகால் ஆனது. வரிசையில் முதலில் நின்ற பெண், புத்தகத்தை இப்போதே பதிந்து தந்தால் போகலாமே, அடுப்பில் சோறு கிடக்கிறது என்றாள். “கொஞ்சம் இருங்கம்மா” என்று ஜிஜா கெஞ்சினாள். நாலு முப்பத்தைந்துக்கு ஈசாக் அரக்கை உடைத்து ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினார். திரை நிறைய அவர் முகம் வந்தது. அவர் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

“இனியொருக்கா போடு.”

போட்டாள். மூன்று தடவை. பிறகுதான் சரோஜம் ‘ஏட்டை’த் திறந்தாள். அந்தப் பெண் எடுத்துப் போகும் புத்தகத்தை 9-9-99 என்று பதிந்தாள். மூடினாள். மறுபடி திறக்க விரல் வரவில்லை. ஜிஜா திறந்தாள். பதினோராயிரத்து நானூற்றுப் பதினாறு. சரோஜம் நம்பாமல் கடைசிப் புத்தகம் வரை ஒவ்வொரு பக்கமாக இறக்கிப் பார்த்தாள்.

“கெடக்கு பிள்ளே” என்றாள். “எல்லாம் அங்கயே கெடக்கு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜிஜாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஜிஜாவுக்கு அந்த நிமிஷம் ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது.

ஈசாக் தொண்டையைக் கனைத்தார். “நன்னி சொல்ல ஆரு?”

“சார், எல்லாம் முடிஞ்சாச்சே.”

“நன்னி சொல்லாம பிரிஞ்சா அது யோகம் ஆவாது பிள்ளே. நீ சொல்லு.”

ஜிஜா எழுந்தாள். சுருக்கமாக முடித்துவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றுதான் எழுந்தாள். “மதிப்புக்குரிய தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தைகள் வாயில் எவ்வளவு சுகமாக உருள்கின்றன என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஓலாவுக்கு நன்றி சொன்னாள். நார்வே என்ற நாட்டைப் பற்றி விளக்கினாள். சரோஜத்தின் இரண்டு விரல்களுக்குத் தனித்தனியே நன்றி சொன்னாள். மின்சாரத்தின் வரலாற்றைத் தொட்டுச் சென்றாள். ஏழு பேரில் இரண்டு பேர் நழுவிப் போனதையும் வெளியே ஐந்தரை பஸ் ஹார்ன் அடித்துப் போனதையும் அவள் கவனிக்கவில்லை. போகப் போகக் குரல் உயர்ந்தது, கை தானாக எழுந்தது. கடல் அரிப்பைக் கண்டித்தாள். சரோஜம் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

“இறுதியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன்” என்றாள் ஜிஜா, நான்காவது தடவையாக.